முதுமைக்கும் ஒரு பள்ளி

முன்னுரை

பள்ளி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் மனக்கண்முன் தோன்றுவது சிறுவர் கூட்டமே ஆகும். கல்வி இளமைக்கு உரியது, உழைப்பு நடுவயதுக்கு உரியது, ஓய்வு முதுமைக்கு உரியது என்னும் பாகுபாடு நம் எண்ணத்தில் ஆழ வேரூன்றிவிட்டது. அறுபது வயதைக் கடந்த ஒருவர் சிலேட்டும் பலப்பமும் ஏந்தி வகுப்பில் அமர்ந்தால், அதனை வியப்புச் செய்தியாகவே நாம் படிக்கிறோம். வியப்பதோடு நின்றுவிடுகிறோம். அவர் ஏன் அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்று வினவுவதில்லை.

முதியோர்க்குக் கற்கும் ஆற்றல் உண்டா, அவர்க்கென வகுப்பு நடத்துதல் தேவைதானா, தேவையெனின் அவ்வகுப்பு எங்ஙனம் அமைதல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வகுத்த எல்லை

திருக்குறளில் ‘கல்வி’ என்னும் நாற்பதாம் அதிகாரத்தின் 397ஆம் குறள் ஈண்டு நோக்கற்பாலது. கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடாக, எவ்வூரும் தன்னூராக அமையும்போது, ஒருவன் தன் வாழ்நாள் முடியும் வரையிலும் கல்லாதிருப்பது என்ன கருதியோ என்று வள்ளுவர் அதில் வினவுகிறார். கல்விக்கு அவர் காட்டும் எல்லை இளமையன்று, இறப்பே என்பது தெளிவு.

‘கேள்வி’ அதிகாரத்தில் வரும் 414ஆம் குறளும் இவ்வகையில் சிறப்புடையது. நூல்களைக் கல்லாதவனும் கற்றோரிடம் கேட்டறிதல் வேண்டும் என்றும், அது அவன் தளர்ச்சியுறும் காலத்து ஊன்றுகோல் போல் துணைநிற்கும் என்றும் அக்குறள் கூறுகிறது. எழுத்தறிவு வாய்க்கப் பெறாதவனையும் அறிவுலகத்திலிருந்து வள்ளுவர் விலக்கவில்லை. ஊன்றுகோல் என்னும் உவமை முதுமையை நமக்கு நினைவூட்டுகிறது. தமிழ் மரபில் முதுமைக்கும் கல்விக்கும் பகையில்லை எனலாம். பகை பின்னர் வந்ததேயாகும்.

கணக்கில் விடுபட்ட வயது

நம் நாட்டில் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பின்னர் 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. இவ்விரண்டும் சிறப்பாகக் குறிவைத்த வயது 15 முதல் 35 வரையாகும். உழைத்துப் பொருள் ஈட்டும் வயதினர்க்கு முதலில் எழுத்தறிவு ஊட்ட வேண்டும் என்பதே அதற்குரிய காரணம்.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். இத்திட்டத்தைத் தமிழ்நாட்டில் பலரும் ‘முதியோர் கல்வி’ என்றே வழங்கினர். பெயரில் முதியோர் இருந்தனர். திட்டத்தின் இலக்கிலோ முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் இல்லை. இருபது வயது இளைஞர் ‘முதியோர் கல்வி’ கற்க, அவருடைய பாட்டியார் திண்ணையில் அமர்ந்து அதனைப் பார்த்திருந்தார்.

இதன் விளைவைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 44 பேர் மட்டுமே. ஆண்களில் 59 பேரும் பெண்களில் 28 பேரும் எழுத்தறிந்திருந்தனர். நூறு மூதாட்டியருள் எழுபத்திரண்டு பேர்க்குத் தம் பெயர் எழுதப்பட்டிருக்கும் தாளைத் தாமே படிக்க இயலவில்லை என்பது சிறிய செய்தியன்று.

2009இல் தொடங்கிய சாட்சர் பாரத் திட்டமும், 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவர்க்கும் உரியன என வகுக்கப்பட்டன. மேல் வரம்பு நீங்கியது வரவேற்கத்தக்கது. எனினும் கதவு திறந்திருப்பது ஒன்று, முதியோர் உள்ளே வந்து அமர்வதற்கு வழிசெய்வது மற்றொன்று.

முதுமையில் கற்க இயலுமா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியை முதியோரே தம் தயக்கத்திற்குச் சான்றாகக் கூறுவர். பழமொழி பழக்கவழக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. கற்கும் ஆற்றலைப் பற்றி அறிவியல் கூறுவது வேறு.

அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக், வயதுவந்தோர் கற்றல் பற்றி 1928ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இருபத்தைந்து வயதுக்குப் பின்னர்க் கற்கும் ஆற்றல் மிக மெதுவாகவே குறைகிறது என்று அவர் அதில் காட்டினார். வளர்ந்தவர் கற்க இயலாது என்னும் கருத்து அந்நாள் முதல் ஆட்டங்கண்டது. ரேமண்ட் கேட்டல் என்னும் அறிஞர், அறிவாற்றலை இருவகையாகப் பகுத்தார். புதிய சிக்கலை விரைந்து பிடிக்கும் ஆற்றல் ஒன்று, வாழ்நாள் முழுதும் திரண்டு சேர்ந்த அறிவு மற்றொன்று. முன்னது வயதோடு தளர்கிறது. பின்னதோ நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. சொல்வளம் இப்பின்னதைச் சார்ந்தது.

இதிலிருந்து ஆசிரியர் அறிய வேண்டுவது யாது? முதியவர் மெதுவாகக் கற்பார், ஆயினும் கற்பார். அவரிடம் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ளன. சிறுவன் சொல்லையும் எழுத்தையும் சேர்த்துக் கற்க வேண்டியவன். முதியவரோ தம்மிடம் உள்ள சொல்லுக்கு எழுத்து வடிவம் மட்டுமே தேடுபவர்.

கேரளம் காட்டிய வழி

இக்கூற்றை மெய்ப்பித்துக் காட்டியது அண்டை மாநிலமாகிய கேரளம். 1989ஆம் ஆண்டில் எறணாகுளம் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் பல்லாயிரம் தொண்டர்களும் இணைந்து செயற்பட்டனர். 1990 பிப்ரவரியில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அவ்வியக்கத்தின் நிகழ்ச்சி ஒன்று முதியோர் வகுப்பு நடத்துவோர் அனைவர்க்கும் பாடமாகும். கற்க வந்தோருள் வயதானவர் பலர் எழுத்தை அறிய இயலாது தடுமாறினர். குறை அறிவில் இல்லை, கண்ணில் இருந்தது. உடனே, பழைய மூக்குக்கண்ணாடிகளை நன்கொடையாக வழங்குமாறு மக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 50,000 கண்ணாடிகள் வந்து குவிந்தன. எவர்க்கு எது பொருந்தும் என்று தேர்ந்து கொடுக்கத் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். கண்ணாடி அணிந்தபின் எழுத்துத் தெரிந்தது. “எனக்குப் படிப்பு ஏறாது” என்று வாழ்நாளெல்லாம் எண்ணியிருந்தவர்கள் படிக்கலாயினர். கண்ணாடி முதலில், பாடநூல் பிறகு என்பதே இதனால் அறியப்படும் நீதி.

1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோடு மானாஞ்சிறைத் திடலில் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைச் செய்தவர் அமைச்சரோ அறிஞரோ அல்லர். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த, முதுமையின் வாயிலில் நின்ற, அப்பொழுதுதான் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் அம்மையாரே அதனைச் செய்தார். மாநிலத்தின் பெருமையைக் கூறும் உரிமை கற்றவர்க்கே வழங்கப்பட்டது என்பது எண்ணியெண்ணி மகிழத்தக்கது.

பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. எஞ்சியோரைத் தேடிக் கற்பிக்கும் நோக்கில் 2018இல் ‘அட்சரலட்சம்’ என்னும் திட்டத்தை அம்மாநிலம் நடத்தியது. அதில் 40,000க்கும் மேற்பட்டோர் தேர்வு எழுதினர். அவர்களுள் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 96 வயதினர். அவர் 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020 மார்ச்சில் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்ற அவர், 2023இல் தமது 101ஆம் வயதில் மறைந்தார்.

கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மாவின் வரலாறு இன்னும் நுண்ணியது. தாய் இறந்தமையால் தம்பி தங்கையரைப் பேணும் பொருட்டு, மூன்றாம் வகுப்போடு சிறுவயதில் படிப்பை நிறுத்தியவர் அவர். 105ஆம் வயதில் நான்காம் வகுப்பு இணைத் தேர்வை எழுதி 275க்கு 205 மதிப்பெண் பெற்றார். எழுதுவது அவர்க்கு அரிதாக இருந்தமையால், மூன்று வினாத்தாள்களையும் மூன்று நாட்களில் எழுத இசைவு தரப்பட்டது. தேர்வின் தரம் இதனால் குறைந்துவிட்டதா? இல்லை. வினா மாறவில்லை, காலமே நீண்டது. முதியோர்க்குச் செய்யத்தக்க சலுகை எது, செய்யத் தகாதது எது என்பதற்கு இஃது ஓர் அளவுகோலாகும்.

மருமகள் ஆசிரியை, மாமியார் மாணவி

மராட்டிய மாநிலம் தாணே மாவட்டத்தில் பாங்கணே என்பது ஒரு சிற்றூர். அங்கு 2016 மார்ச் 8ஆம் நாள், அனைத்துலகப் பெண்கள் நாளன்று, பாட்டிமார் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அறுபது முதல் தொண்ணூறு வயது வரையுள்ள மூதாட்டியர் இளஞ்சிவப்பு நிறச் சேலையைச் சீருடையாக அணிந்து, பையும் சிலேட்டும் ஏந்தி வந்தனர். வகுப்பு பிற்பகலில் இரண்டு மணி நேரம் நடைபெற்றது. காலை வேளையில் வீட்டு வேலையும் வயல் வேலையும் உண்டல்லவா? கற்பித்தவர் அவ்வூர் இளம்பெண். அவருடைய மாணவியருள் ஒருவர் அவருடைய மாமியாரே ஆவார்.

சீருடை வெறும் அலங்காரமன்று. பலர்க்குக் கைம்மை காரணமாக மறுக்கப்பட்டிருந்த நிறம் அச்சீருடையால் மீண்டும் கிட்டியது. சிறுவயதில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைத் தொலைவிலிருந்து பார்த்தவர்க்குத் தாமும் ஒரு பள்ளியின் மாணவியர் என்னும் உணர்வு பிறந்தது. கற்பிப்பவர் இளையவராயினும், ஊரார் ஆகையால் கூச்சம் அகன்றது. முதியோரை வகுப்புக்கு வரவிடாது தடுப்பது பெரும்பாலும் இயலாமை அன்று, நாணமே. நாணத்தைப் போக்கும் வழியைக் கண்டவர் பாதி வெற்றி பெற்றவராவார்.

மேலைநாட்டுப் பட்டறிவு

எழுத்தறிந்த முதியோர்க்கும் வகுப்புத் தேவை என்பதை மேலைநாடுகள் உணர்ந்தன. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் 1973ஆம் ஆண்டில் பியர் வெல்லா என்னும் பேராசிரியர் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். பல்கலைக்கழகமே ஓய்வுபெற்றோர்க்குத் தன் வாயிலைத் திறந்தது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்விண்டர் ஆகியோர் இக்கருத்தை வேறொரு வடிவில் வளர்த்தனர். அங்கு உறுப்பினரே ஆசிரியர், உறுப்பினரே மாணவர். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எந்திரவியல் பற்றிப் பேசுவார். மறுநாள் அவரே மற்றோர் உறுப்பினரிடம் ஓவியம் கற்பார். தேர்வில்லை, பட்டமில்லை.

லாஸ்லெட் வாழ்வை நான்கு பருவங்களாகப் பகுத்தார். பிறரைச் சார்ந்து கற்கும் பருவம் முதலாவது. உழைத்துக் குடும்பம் காக்கும் பருவம் இரண்டாவது. கடமைகள் நிறைவேறியபின் தம் உள்ளம் விரும்பியதைச் செய்யும் பருவம் மூன்றாவது. மீண்டும் பிறரைச் சார்ந்து தளரும் பருவம் நான்காவது. நாமோ இரண்டாவது முடிந்தவுடன் முதியோரை நான்காவதிற்கு அனுப்பிவிடுகிறோம். இடையே ஒரு பருவம் உண்டென்பதை மறந்துவிடுகிறோம்.

எழுத்தறியாதார் எவர்?

நம் பகுதிக்கே உரிய செய்தி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் அரபுத்தமிழ் வழக்கு நெடுங்காலம் செழித்திருந்தது. தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியோர் அதில் நூல்கள் இயற்றினர். தமிழ் எழுத்தை அறியாத பெண்கள் பலர் அரபுத்தமிழ் நூல்களைத் தடையின்றிப் படித்தனர். அத்தகைய மூதாட்டியார் ஒருவர் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாமையால் ‘எழுத்தறியாதவர்’ எனப்படுகிறார். உண்மையில் அவர் எழுத்தறியாதவர் அல்லர், ஓர் எழுத்தை அறிந்து மற்றோர் எழுத்தை அறியாதவர்.

இவ்வேறுபாடு கற்பிக்கும் முறையை மாற்றுகிறது. அரபு எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் வடிவம் மாறும். உயிரொலிக் குறிகள் மேலும் கீழும் வரும். இதனைப் பயின்ற கண்ணுக்குத் தமிழின் துணைக்குறிகள் முன்னும் பின்னும் வருவது புதுமையன்று. வலமிருந்து இடமாகச் சென்ற கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்புவதே முதல் பயிற்சியாக அமையும். கற்பிப்பவர் “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று தொடங்குவதற்கும், “நீங்கள் அறிந்த எழுத்துக்கு இஃது உறவுமுறை” என்று தொடங்குவதற்கும் எத்துணை வேறுபாடு!

வகுப்பு அமையும் முறை

மேற்கூறியவற்றால் முதியோர் வகுப்பு எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பது புலனாகும்.

முதலாவது, உடல்நிலை. அறுபது வயதினர் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினர் பெறுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எனவே மங்கிய விளக்கின்கீழ் முதியோர் வகுப்பு நடத்துதல் தகாது. தமிழ் எழுத்துகளுள் ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள சிறு கோடு. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பதும் அத்தகைய கோடே. மெய்யெழுத்தை மெய்யெழுத்தாக்குவது ஒரு சிறு புள்ளி. கண்புரை உடையவர்க்கு இக்கோடும் புள்ளியும் தெரிவதில்லை. ஆகவே பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடமும் கரும்பலகையில் தடித்த எழுத்தும் இன்றியமையாதன. முதுமையில் மெல்லிய உயர்ந்த ஒலிகளே முதலில் கேளாமற்போகும். ஆதலின் கத்திப் பேசுவதால் பயனில்லை. முகம் நோக்கி, நிறுத்தி, தெளிவாகப் பேசுதல் வேண்டும்.

இரண்டாவது, பாடம். கல்வி எல்லையற்றது, கற்பவர் வாழ்நாளோ சிலவே என்பதனை நாலடியார் எடுத்துரைத்து, தேர்ந்து கற்குமாறு அறிவுறுத்துகிறது. முதியோர் வகுப்புக்கு இதனினும் பொருந்திய அறிவுரை இல்லை. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்தபின்னரே சொல் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. பிரேசில் நாட்டில் 1963இல் பாவ்லோ பிரெயர், ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு அவர்தம் வாழ்வில் வழங்கும் சொற்களையே பாடமாக்கி, நாற்பது மணி நேர அளவில் எழுதப் படிக்கக் கற்பித்தார். தம் பெயர், ஊர்ப் பெயர், பேரக்குழந்தையின் பெயர், மருந்தட்டையில் உள்ள காலாவதி நாள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் இருப்புத் தொகை, முதியோர் உதவித்தொகைச் சீட்டு ஆகியவையே முதல் பாடங்களாகட்டும். இந்நாளில் கைப்பேசியும் பாடமாதல் வேண்டும். கடவுச்சொல்லைக் கேட்டு ஏமாற்றும் அழைப்புகளால் சேமிப்பை இழப்போருள் முதியோரும் உளர்.

மூன்றாவது, கற்ற பின்னர்ச் செய்ய வேண்டுவது. பயன்படுத்தாத எழுத்தறிவு மறைந்துபோகும். எனவே வகுப்பு முடிந்த இடத்தில் படிப்பகம் தொடங்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம் இதனை நன்குணர்ந்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில் எழுத்தோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்து அவர்களை வீட்டுக்கு வெளியே அழைத்துவந்தமையால் அவ்வெழுத்துக்கு வேலை கிடைத்தது.

ஒரு மறுப்பும் விடையும்

“குழந்தைகட்கே நல்ல பள்ளி இல்லாதபோது, சில ஆண்டுகளே வாழப்போகும் முதியோர்க்குப் பொருளும் உழைப்பும் செலவிடுதல் முறையா?” என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானது. விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும்.

படிக்கும் பாட்டியார் உள்ள வீட்டில் பேரக்குழந்தை படிக்கும் என்று கூறலாம். அஃது உண்மையே. ஆயினும் அதனையே முதற்காரணமாகக் கூறினால், முதியவர் தமக்காகக் கற்க உரிமையற்றவர் என்று பொருளாகிவிடும். இன்று முதியோராயிருப்போர் தம் இளமையில் பள்ளிக்குச் செல்லாதது விருப்பத்தால் அன்று. தம்பி தங்கையரைத் தூக்கினர், வயலில் நாற்று நட்டனர், பீடி சுற்றினர், பாய் நெய்தனர். அவ்வுழைப்பின்மீதே அவர்தம் மக்களின் கல்வி எழுந்தது. இன்று நாம் பெற்ற பட்டங்களின் அடியில் ஒரு கைந்நாட்டு உள்ளது. அவர்க்கு எழுத்தறிவித்தல் ஈகை அன்று, நெடுநாள் நிலுவையில் நிற்கும் கடன்.

மேலும், அவ்வகுப்புக்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு மாணவர், இரண்டு முதியோர், ஒரு பெரிய எழுத்துப் புத்தகம், நல்ல வெளிச்சம் இவை போதும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனால் ஊதியமும் உண்டு. உழவு, மீன்பிடி, நெசவு ஆகிய தொழில்களுக்குரிய வட்டாரச் சொற்களும், தாலாட்டும், விடுகதையும், பழமொழியும் அம்முதியோரிடமே உள்ளன. மாணவர் எழுத்தைக் கொடுத்துச் சொல்லைப் பெறலாம். அகராதியில் ஏறாத அச்சொற்கள் அவரோடு மறைந்துவிட்டால், எந்த நூலகத்திலும் அவற்றைத் தேடிக் காண இயலாது.

முடிவுரை

முதியோர் கற்க வல்லவர் என்பதை ஆய்வும் கேரளத்து மூதாட்டியரும் மெய்ப்பித்தனர். அவர்க்கு வகுப்புத் தேவை என்பதைக் கணக்கெடுப்புக் காட்டுகிறது. அவர்தம் கண்ணுக்கும் காதுக்கும் காலத்திற்கும் மானத்திற்கும் ஏற்ப வகுப்பை அமைத்தால் வெற்றி உறுதி என்பதை எறணாகுளத்துக் கண்ணாடிகளும் பாங்கணேயின் சேலைகளும் உணர்த்துகின்றன.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களே, உங்கள் தெருவில் கையொப்பமிட அறியாத பெரியவர் ஒருவரேனும் இருப்பார். ஆசிரியப் பெருமக்களே, மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்றேனும் இருக்கும். சமுதாயப் பெரியோரே, உங்களுள் கற்றவர் கல்லாதவர் அருகில் அமர்ந்தால் அதுவே வகுப்பு. அறையும் ஆளும் உள. சேர்த்துவைப்பதே நம் பணி. கடன்பட்டோர் காலந்தாழ்த்தலாகாது. ஏனெனில், நமக்குக் கடன் கொடுத்தோர்க்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.